கழுத்துக் குழாயோடு வீட்டுக்கு வருபவரைப் பார்த்துக்கொள்வது எப்படி: ட்ரக்கியோஸ்டமி பராமரிப்புக்கு முழுமையான வழிகாட்டி

மலையகத்து ஆஸ்பத்திரி ஒன்றில் காது மூக்கு தொண்டை வாட்டில் வேலை செய்யும் தாதி நான். கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குழாய்க்குள் டியூப் வைத்தவர்களை வீட்டுக்கு அனுப்பும் முன், கூட இருந்து பார்க்கப் போகிறவர்களுக்குப் பழக்கிக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. மனைவி, மகன், மருமகள், சில நேரம் பக்கத்து லயத்து அக்கா என்று யார் வந்தாலும், தடுமாற்றம் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் வருகிறது. செய்கிற வேலை ஒவ்வொன்றும் சுலபம். வரிசை மாறும்போதுதான் ஆபத்து. அதனால் இங்கே எல்லாவற்றையும் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன், ஏன் அந்த வரிசை என்பதையும் சேர்த்து.

இது பெரியவர்களுக்கு மட்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் போடும் டியூப்பில் பெரும்பாலும் உள் குழாய் இருக்காது, அவர்களுடைய பராமரிப்பு வேறு. உங்கள் வாட்டில் ஏதாவது ஒன்றை வேறு மாதிரி செய்யச் சொல்லியிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அதையே செய்யுங்கள்.

1. டிக்கட் வெட்டும் முன் (வீட்டுக்கு அனுப்பும் முன்) கேட்க வேண்டிய கேள்விகள்

முதல் கேள்வி இதுதான்: "வாய், மூக்கு வழியாகவும் இவருக்கு மூச்சு போகுமா, கழுத்துத் துளை ஒன்றுதான் வழியா?" வெளியில் பார்க்க இரண்டு பேருக்கும் கழுத்தில் ஒரே மாதிரித் துளைதான் இருக்கும். ஆனால் குரல்வளையை முழுதாக எடுத்தவருக்கு (வெற்றிலை, புகையிலை, சுருட்டு என்று வந்த புற்றுநோய்க்காக இந்த ஆபரேஷன் செய்தவர்கள் நம் பக்கம் இருக்கிறார்கள்) வாய்க்கும் நுரையீரலுக்கும் இடையில் வழியே கிடையாது. அவருக்கு வாயில் ஒட்சிசன் மாஸ்க் வைத்தால் ஒரு பலனும் இல்லை. அவசரத்தில் வருகிற ஆளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால், பதிலைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வாங்குங்கள். கட்டில் தலைமாட்டிலும் ஒன்றை ஒட்டுங்கள்.

அடுத்தது, டியூப்பின் வகையும் அளவும். பி.வி.சி.யா (பிளாஸ்டிக்) மெட்டலா, பலூன் (உள்ளே குழாயைச் சுற்றிக் காற்று ஊதும் பை) வைத்ததா இல்லாததா, என்ன நம்பர், எந்தக் கம்பனி. மெட்டல் டியூப்பின் நம்பரும் பி.வி.சி. டியூப்பின் நம்பரும் ஒரே கணக்கு அல்ல, அதனால் "ஏழாம் நம்பர்" என்று மட்டும் பாமசியில் போய்ச் சொன்னால் போதாது.

மூன்றாவது, வெளிக் குழாயை நீங்கள் மாற்றலாமா? பல பேருக்கு நாங்கள் "வேண்டாம், கிளினிக்கிலேயே மாற்றுவோம்" என்றுதான் சொல்வோம். அப்படியானாலும் அது கழன்று விழுந்தால் என்ன செய்வது என்பதை நாங்கள் பார்க்க, உங்கள் கையாலேயே ஒரு தரமாவது செய்து பாருங்கள். பார்த்துப் பழகியது வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்குக் கைகொடுக்காது. பகல் ஷிப்டில் ஒரு ஆள், இரவு ஷிப்டில் இன்னொரு ஆள் என்று குடும்பத்தில் குறைந்தது இரண்டு பேர் பழகிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பழகிய ஒரே ஆள் கொழுந்து எடுக்க மலைக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் சளி அடைக்கும்.

2. டியூப்பின் பாகங்கள்

வெளிக் குழாய் கழுத்துக்குள்ளேயே இருக்கும். அதை எடுக்கக் கூடாது. அதற்குள் நுழைந்து பூட்டிக்கொள்வது உள் குழாய், இதைத்தான் தினமும் கழற்றிக் கழுவ வேண்டும். சளி காய்ந்து ஒட்டுவது உள் குழாயில், அதைக் கழற்றிவிட்டால் வெளிக் குழாய் வழியாக மூச்சு தடையில்லாமல் போகும். இரட்டைக் குழாய் வைத்ததன் முழு நோக்கமும் அதுதான். மூச்சு முட்டினால் முதலில் உள் குழாயைக் கழற்ற வேண்டும் என்பதை மட்டுமாவது வீட்டில் இருக்கும் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும், பத்து வயதுப் பிள்ளை உட்பட.

மூன்றாவது பாகம், நுனி உருண்டையான ஒரு கம்பி மாதிரி, டியூப்போடு சேர்ந்து பெட்டியில் வரும். புது டியூப்பைத் துளைக்குள் நுழைக்கும்போது வழிகாட்டுவது அது. வேலை முடிந்த சாமான் என்று நினைத்து வீசிவிடுகிறார்கள். டியூப் கழன்று விழும் அன்றைக்கு அது இல்லாமல், குழாயின் கூரான விளிம்பு துளையைக் கிழிக்கும்.

மெட்டல் டியூப் என்றால் ஒன்று கவனியுங்கள். உள், வெளி, வழிகாட்டி மூன்றும் ஒரே செட். பக்கத்துக் கட்டில்காரரின் உள் குழாய் பார்க்க அப்படியே இருந்தாலும் உங்களுடையதில் சரியாகப் பூட்டாது, இருமலில் துள்ளி வெளியே வரும். கழுவும் தட்டில் கலந்துவிடாமல் உங்கள் செட்டை ஒரு டப்பாவில் பெயர் போட்டு வையுங்கள்.

பலூன் உள்ள டியூப் வைத்து வீட்டுக்கு வருபவர்கள் குறைவு. வந்தால், பலூனுக்குள் எவ்வளவு காற்று, எப்போது இறக்க வேண்டும், எப்போது ஏற்ற வேண்டும் என்பதை வாட்டில் தனியாகக் கேளுங்கள். அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் தண்ணீர் அளவுக்குள் இருக்க வேண்டும். "கசியாமல் இருக்கட்டும்" என்று சிரிஞ்சால் இன்னும் கொஞ்சம் ஏற்றினால் மூச்சுக்குழாயின் உள் சுவருக்கு இரத்த ஓட்டம் நின்று புண்ணாகும்.

3. அவசரப் பெட்டி

மூடி உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும். அதற்குள் அதே அளவு டியூப் ஒன்று, ஒரு நம்பர் சின்னது ஒன்று, இரண்டுக்கும் உரிய வழிகாட்டிக் கம்பி, கழுத்து நாடா, நுனி மழுங்கிய கத்தரிக்கோல், தண்ணீரில் கரையும் ஜெல், சலைன், சளி உறிஞ்சும் ரப்பர் குழாய்கள், சுத்தமான கோஸ் துணி, ஒரு டோர்ச், பலூன் டியூப் என்றால் 10 மில்லி சிரிஞ்ச். ஜெல்லுக்குப் பதில் தேங்காய் எண்ணெயோ வெஸ்லினோ வைக்காதீர்கள். எண்ணெய்ப் பசை நுரையீரலுக்குள் இறங்கினால் கரையாது, அங்கேயே கிடந்து கெடுக்கும்.

சின்ன அளவு எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். டியூப் வெளியே வந்ததும் துளை சுருங்கத் தொடங்கிவிடும், பழைய துளை மெதுவாக, புதுத் துளை வேகமாக. பழைய அளவு நுழையாத நேரத்தில் சின்னது நுழையும்.

பெட்டி நோயாளி போகும் இடமெல்லாம் போக வேண்டும். இஸ்தோப்பில் வெயில் காய உட்கார்ந்தாலும், கோயிலுக்குப் போனாலும். அலுமாரிக்குள் பூட்டி வைத்த பெட்டி இல்லாத பெட்டிதான்.

கூடவே ஒரு மணி. டியூப் உள்ளவரால் கூப்பிட முடியாது. ஒரு வீட்டில் அன்பாக விசில் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார்கள், அதை ஊதுவதற்கு வாய் வழியாகக் காற்று வர வேண்டுமே. கையால் அடிக்கும் மணி, இல்லாவிட்டால் ஒரு தகரத் தட்டும் கரண்டியும் போதும். அவரிடம் போன் இருந்தால், அவருடைய நம்பரில் இருந்து பேச்சில்லாத கோல் வந்தால் உடனே ஓடி வர வேண்டும் என்று எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

4. படுக்கும் இடம்

லயத்து வீட்டில் இது பெரிய சிக்கல், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நமக்கு மூக்கு இருக்கிறது. தூசியை வடிக்கிறது, குளிர்ந்த காற்றைச் சூடாக்கி ஈரமாக்கி உள்ளே அனுப்புகிறது. டியூப் வைத்தவருக்கு இந்த மூன்று வேலையும் நின்றுவிடுகிறது. விறகடுப்புப் புகை நேராக நுரையீரலுக்குத்தான் போகும்.

அடுப்புக் காம்பராவுக்குத் தள்ளி இருக்கும் காம்பராவில், ஜன்னல் பக்கம் படுக்கை போடுங்கள். இடையில் கதவு இல்லாவிட்டால் தடித்த துணியால் மறைப்புக் கட்டுங்கள், சமைக்கும் நேரத்தில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். நுளம்புச்சுருள், சாம்பிராணி, பவுடர், ஸ்ப்ரே எதுவும் அந்த அறைக்குள் வேண்டாம். நுளம்புக்கு வலை கட்டுங்கள். பிள்ளைக்குப் பவுடர் போடுகிறவர்கள் வெளியில் வைத்துப் போடுங்கள்.

திருநீறு பற்றி எப்போதும் கேட்பார்கள். நெற்றியில் தண்ணீரில் குழைத்துப் பூசுங்கள், தப்பில்லை. மந்திரித்து முகத்தில் ஊதுவதற்கு மட்டும் யாரையும் விடாதீர்கள், பெரியவர்கள் மனம் நோகும் என்று தயங்கவும் வேண்டாம். ஊதும் சாம்பல் துளை வழியாகப் போகும்.

தலைமாடு உயர்ந்திருக்கட்டும். தலையணையை மட்டும் அடுக்கினால் கழுத்து மடிந்து நாடி டியூப்பின் வாயை மூடும், அதனால் முதுகில் இருந்தே உயர்த்துங்கள். வெளிச்சம் கழுத்தில் விழ வேண்டும்.

5. ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்வது

அடைப்புக்கு முதல் காரணம் சளி அதிகமாக வருவது என்று நினைப்பார்கள். நான் பார்த்த அளவில், வீட்டில் வரும் அடைப்பு பெரும்பாலும் சளி காய்வதால் வருகிறது. நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் 1,800 மீட்டருக்கு அதிகமான உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் பனி கொட்டும் இரவுகளில் காற்று குளிர்ந்து, நல்லாக் காய்ந்து இருக்கும். அந்த மாதங்களில் வாட்டில் வைத்திருந்ததைவிட இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

முதல் வழி ஈரத் துணி. மெல்லிய கோஸ் அல்லது துவைத்துச் சுத்தமான பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து, கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, டியூப்புக்கு முன்னால் தளர்வாகத் தொங்கும்படி கழுத்தில் கட்டுங்கள். சொட்டக் கூடாது. காய்ந்ததும் திரும்ப நனைக்க வேண்டும், காய்ந்த துணியால் ஈரம் கிடைக்காது. நூல் பிரியும் துணி, பஞ்சு, டிஷ்யூ ஒன்றும் துளைக்குப் பக்கத்தில் வரக் கூடாது, மூச்சோடு உள்ளே இழுக்கப்படும்.

டியூப் வாயில் மாட்டும் ஈரப்பத மூடி கொடுத்திருந்தால் அதை வைக்கலாம். அதில் சளி தெறித்து நனைந்தால் உடனே மாற்றுங்கள், நனைந்தது காற்றையே மறிக்கும். நெபுலைசர் இருந்தால் டொக்டர் சொன்ன நேரத்துக்குச் சலைன் புகை கொடுங்கள். கொதிக்கும் சட்டித் தண்ணீர் ஆவி மட்டும் வேண்டாம். மூக்கில் பிடிக்கும்போது சூடு தாங்காவிட்டால் முகத்தைத் திருப்புவோம், கழுத்துத் துளையில் அந்தச் சூடு நேராக உள்ளே இறங்கிச் சுட்டுவிடும்.

ஈரம் போதுமா என்பதைச் சளியே சொல்லும். உறிஞ்சும் குழாயில் நழுவி வந்தால் போதும். நூல் மாதிரி இழுபட்டாலோ, கழுவும்போது உள் குழாயில் பழுப்பு நிறப் பொருக்கு ஒட்டியிருந்தாலோ போதாது. தண்ணீர், கஞ்சி, சூப் கூட்டிக் கொடுங்கள், விழுங்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தால்.

6. சளி உறிஞ்சுவது

மணிக்கு ஒரு தரம் என்று கணக்கு வைத்து உறிஞ்சாதீர்கள். ஒவ்வொரு தரமும் குழாய் மூச்சுப் பாதையை உரசுகிறது, உரசினால் இன்னும் சளி சுரக்கும். களகளவென்று சத்தம் கேட்டால், சளி டியூப் வாயில் தெரிந்தால், அவரே கை காட்டினால், மூச்சு வேகமானால் செய்யுங்கள். இருமித் தள்ள முடிகிறவரை முதலில் இருமச் சொல்லி வாயில் வருவதைத் துடைத்தால் போதும்.

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, முதலில் சக்ஷன் மிஷினைப் போட்டு, மிஷினில் இருந்து வரும் குழாயின் நுனியை விரலால் அடைத்து அழுத்தத்தைப் பாருங்கள். பெரியவர்களுக்கு 150 மி.மீ. பாதரச அளவைத் தாண்டக் கூடாது. அப்புறம் கழுத்துக்குள் விடும் உறிஞ்சும் குழாயின் அளவு. டியூப்பின் உள் விட்டத்தில் பாதிக்கு மேல் தடிமன் இருக்கக் கூடாது, 8 மி.மீ. டியூப்புக்கு 12 நம்பர், 7 மி.மீ. டியூப்புக்கு 10 நம்பர். தடித்த குழாய் வேகமாக உறிஞ்சும் என்று போட்டால், பக்கத்தில் காற்றுப் போக இடமில்லாமல் அவருக்கு மூச்சுத் திணறும்.

எவ்வளவு ஆழம் விட வேண்டும் என்பதைப் பெட்டியில் இருக்கும் மாற்று டியூப்பில் வைத்து அளந்துகொள்ளுங்கள். டியூப்பின் நுனியைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். அந்த இடத்தில் விரலைப் பிடித்துக்கொண்டு, குழாயின் கைப் பக்கத்தில் இருக்கும் உறிஞ்சும் துளையை விரலால் அடைக்காமல் உள்ளே விடுங்கள். போகும்போது உறிஞ்சினால் சதையைக் கவ்வும். நுனி போய்ச் சேர்ந்த பிறகு துளையை அடைத்து, மெதுவாக வெளியே இழுங்கள். இழுத்து முடிக்கப் பத்து செக்கன்.

இந்தப் பத்து செக்கனை யாரும் நம்புவதில்லை. அதனால் பழக்கும்போது ஒன்று செய்யச் சொல்வேன், குழாயை உள்ளே விடும்போது நீங்களும் மூச்சை அடக்குங்கள். உங்களுக்கு மூச்சு வேண்டும் என்று தோன்றினால் அவருக்கு எப்போதோ தோன்றியிருக்கும். ஒரு தரம் முடிந்ததும் அவர் நாலைந்து மூச்சு நிதானமாக விடட்டும், பிறகுதான் அடுத்தது. மூன்று தரத்துக்கு மேல் தொடர்ந்து தேவைப்பட்டால் உள் குழாயைக் கழற்றிப் பாருங்கள், கோளாறு அங்கே இருக்கலாம்.

சளியை இளக்க டியூப்புக்குள் சலைன் ஊற்றுவது பல பேரிடம் உள்ள பழக்கம். வாட்டில் சொல்லாமல் செய்யாதீர்கள், பெரும்பாலும் அது சளியை இன்னும் கீழே தள்ளும்.

மழைக் காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் தோட்டத்தில் இரண்டு நாளைக்குக்கூடக் கரண்ட் வராது. காலால் மிதிக்கும் சக்ஷன் மிஷின் இருக்கிறது, பற்றரியில் ஓடுவதும் இருக்கிறது. அதில் ஒன்று கிடைக்க வழி உண்டா என்று வாட்டில் கேட்டு வையுங்கள், மே மாத மழைக்கு முன்னாலேயே.

7. தினசரிச் சுத்தம், இந்த வரிசையில்

முதலில் சளி, இரண்டாவது உள் குழாய், மூன்றாவது தோல், கடைசியில் நாடா. சளியை முதலில் எடுக்காவிட்டால், தோலைச் சுத்தம் செய்து புதுத் துணி வைத்த அடுத்த நிமிஷம் இருமி எல்லாம் நனையும். நாடாவை முதலில் அவிழ்த்தால் அடுத்த இருமலில் டியூப்பே வெளியே வரும்.

உள் குழாயை எடுக்கும்போது இடக்கையால் கழுத்துத் தட்டை (வெளிக் குழாயின் வாயில் கழுத்தோடு ஒட்டி இருக்கும், நாடா மாட்டும் தட்டு) அழுத்திப் பிடியுங்கள். இந்தப் பிடி இல்லாமல் வலக்கையால் இழுத்தால் வெளிக் குழாயும் கூடவே அசையும், அவர் இருமத் தொடங்குவார், நீங்கள் பயந்து விட்டுவிடுவீர்கள். பூட்டைத் திருப்பி, டியூப்பின் வளைவிலேயே முன்னுக்கும் கீழுக்குமாக இழுங்கள். உடனே இரண்டாவது உள் குழாயைப் போட்டுப் பூட்டிவிட்டு, கழற்றியதைக் கழுவப் போங்கள். இரண்டாவது இல்லாவிட்டால் வேறு வேலைக்கு எழுந்து போகாமல் சில நிமிஷத்தில் முடியுங்கள், உள் குழாய் இல்லாத நேரத்தில் சளி வெளிக் குழாயிலேயே காயும்.

கொதித்து ஆறிய தண்ணீர், மென்மையான சின்ன பிரஷ். இரண்டு பக்கத்தில் இருந்தும் தேய்த்து, ஜன்னல் பக்கம் திருப்பி அதற்குள்ளால் பாருங்கள். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் ஒரு நிழல் இருந்தாலும் திரும்பத் தேயுங்கள், அந்த நிழலில்தான் அடுத்த சளி வந்து ஒட்டும். டெட்டோலில் ஊறப்போடாதீர்கள், அதன் மிச்சம் மூச்சுக்குழாயைச் சுடும். பிளீச்சும் வேண்டாம், மெட்டலை அரிக்கும். மெட்டல் உள் குழாயைக் கொதிக்க வைக்கலாம், நன்றாக ஆறவிட்டுப் போடுங்கள். பி.வி.சி.யைக் கொதிக்க வைத்தால் வளைந்துவிடும். போடும் முன் தண்ணீரை உதறுங்கள், போட்ட பின் பூட்டு விழுந்ததா என்று விரலால் தட்டிப் பாருங்கள். காலை, மாலை, படுக்கும் முன் என்று குறைந்தது மூன்று தரம், சளி அதிகமான நாளில் இன்னும் கூட.

தோலுக்குச் சலைன் போதும். துளையின் ஓரத்தில் தொடங்கி வெளிப்பக்கமாகத் துடையுங்கள், ஒரு துணி ஒரு துடைப்பு, திரும்ப உள்ளே கொண்டுவர வேண்டாம். ஒற்றி உலர்த்துங்கள். மஞ்சள், எண்ணெய், சாம்பல் எதுவும் பூச வேண்டாம். துணியைத் தட்டுக்குக் கீழே வைக்கும்போது கத்தரியால் பிளந்து வைத்தால் வெட்டிய ஓரத்து நூல் உள்ளே போகும். பிளந்தே தயாரித்து விற்கும் பேட் கிடைக்காவிட்டால், நீளமாக மடித்து இரண்டு பக்கமும் மேலே வரும்படி வளைத்து வையுங்கள்.

8. நாடா மாற்றுவது

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தட்டைப் பிடித்துக்கொண்டே இருப்பார், முடிச்சு விழும் வரை கையை எடுக்கக் கூடாது. தனியாக இருந்தால் புது நாடாவை முதலில் போட்டுக் கட்டிவிட்டுப் பிறகு பழையதை வெட்டுங்கள்.

கட்டும் நேரத்தில் அவர் தலையைக் கொஞ்சம் முன்னால் குனிய வேண்டும். நிமிர்ந்திருக்கும்போது இறுக்கமாகத் தெரியும் நாடா குனிந்ததும் தளர்ந்துவிடும், டியூப் கழன்று விழுவதற்கு நான் பார்த்த காரணங்களில் இது முக்கியமானது. கட்டிய பின் நாடாவுக்கும் கழுத்துக்கும் இடையில் ஒரு விரல் நுழைய வேண்டும். முடிச்சு கழுத்தின் பக்கவாட்டில், அதுவும் இறுகிய முடிச்சு. பூ முடிச்சுப் போட்டால் சட்டை நாடா என்று நினைத்து யாராவது இழுப்பார்கள், அவரே தூக்கத்தில் இழுப்பார். பின் கழுத்தில் போட்டால் படுக்கும்போது அமுங்கிப் புண்ணாகும்.

9. மூச்சு முட்டினால்

உள் குழாயைக் கழற்றுங்கள். பல நேரம் அடைப்பு இத்தோடு முடிந்துவிடும், அவர் முகமே சொல்லும். பேச்சு மூடியோ ஈரப்பத மூடியோ மாட்டியிருந்தால் அதுவும் அதே கையோடு வெளியே வரட்டும்.

சரியாகவில்லையா, உறிஞ்சும் குழாயை விட்டுப் பாருங்கள். நுழைந்தால் உறிஞ்சுங்கள். நுழையவே இல்லை என்றால் வெளிக் குழாய் அடைத்திருக்கிறது அல்லது இடம் மாறியிருக்கிறது. இந்த இடத்தில் ஒருவர் 1990 அம்புலன்ஸுக்கு அழைக்க வேண்டும், இன்னொருவர் வேலையைத் தொடர வேண்டும். பலூன் இருந்தால் காற்றை இறக்குங்கள், பக்கத்தால் கொஞ்சம் மூச்சு போகலாம். அதுவும் உதவாமல் நிறம் மாறிக்கொண்டு வந்தால், அடைத்த குழாயை உள்ளே வைத்திருப்பதில் ஒரு பயனும் இல்லை. வெளியே எடுத்துவிட வேண்டும். வாட்டில் உங்களுக்குப் பழக்கியது இந்த நேரத்துக்காகத்தான்.

டியூப் தானாக விழுந்துவிட்டாலும் அடுத்த படிகள் இவைதான். தோளுக்குக் கீழே மடித்த துவாயை வைத்து மல்லாக்கப் படுக்க வையுங்கள், துளை முன்னால் வந்து விரியும். மாற்று டியூப்பில் வழிகாட்டிக் கம்பியைப் போட்டு, நுனியில் ஜெல் தடவி, முதலில் நேராகப் பின்னுக்கும் பிறகு வளைவோடு கீழுக்குமாக விடுங்கள். உள்ளே போனதும் கம்பியை உடனே உருவுங்கள். கம்பி உள்ளே இருக்கும் வரை அவரால் மூச்சு விட முடியாது, பதற்றத்தில் இதை மறந்து நாடா கட்டப் போகிறவர்களைப் பழக்கும்போதே பார்த்திருக்கிறேன். டியூப் வாய்க்கு நேரே உங்கள் கன்னத்தை வையுங்கள், காற்றுப் படுகிறதா? பட்டால் மட்டும் உள் குழாய், பிறகு நாடா.

போகாவிட்டால் சின்ன அளவு. அதுவும் போகாவிட்டால் நெருக்காதீர்கள். நெருக்கினால் மூச்சுக்குழாய்க்கு முன்னால் இருக்கும் சதைக்குள் வேறொரு வழி போட்டுக்கொண்டு போய்விடும், பார்க்க உள்ளே போன மாதிரியே இருக்கும், காற்று மட்டும் வராது. வாய் வழியாகவும் மூச்சுப் போகிறவர் என்றால் அவரை உட்கார வைத்து வாயால் மூச்சு விடச் சொல்லுங்கள். குரல்வளை எடுத்தவர் என்றால் துளையை ஒன்றும் மறைக்காமல் திறந்து வையுங்கள்.

வாட்டில் கட்டில் தலைமாட்டுத் தட்டில் வளைந்த கத்தரி மாதிரி ஒன்று கிடக்குமே, அது இந்த நேரத்துக்கான கருவி. ட்ரூசோ டைலேட்டர் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் தொண்டைக் கரப்பனால் (டிப்தீரியா) மூச்சடைத்த பிள்ளைகளுக்கு இந்த ஆபரேஷனைச் செய்து வந்த ஆர்மான் ட்ரூசோவின் பெயர் அது. கைப்பிடியை அமுக்கினால் கத்தரி மூடும், இது விரியும். மூடிய நுனியைத் துளைக்குள் விட்டு அமுக்கி, துளையை விரித்துப் பிடித்துக்கொண்டு டியூப்பை நுழைப்போம். பழக்கமில்லாதவர் கத்தரி நினைப்பில் பிடியை அமுக்கிக்கொண்டே உள்ளே விடப் பார்ப்பார், அல்லது டியூப் போகும் முன் கையைத் தளர்த்திவிடுவார். அதனால்தான் இதை வீட்டுக்குக் கொடுப்பதில்லை. கேட்டு வாங்கவும் வேண்டாம்.

இரத்தத்துக்கு வேறு கணக்கு. உறிஞ்சும்போது ஒரு கோடு மாதிரி வந்தால் உரசலாக இருக்கும், அழுத்தத்தையும் ஆழத்தையும் குறையுங்கள். சிவப்பாக, புதிதாக, ஒரு தேக்கரண்டி அளவு வந்து தானாக நின்றுவிட்டாலும் நிற்காவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெரிய இரத்தக் குழாய் ஒன்று மூச்சுக்குழாய்க்கு முன்னால் ஓடுகிறது, அதில் டியூப் உரசிப் புண்ணாகியிருந்தால் பல நேரம் முதலில் இப்படிக் கொஞ்சமாகக் காட்டிவிட்டுப் பெரிதாக உடையும்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அழைக்கும்போது தோட்டத்தின் பெயரோடு டிவிஷன், லயத்து இலக்கம், மெயின் ரோட்டில் எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். மேல் பிரிவும் கீழ் பிரிவும் ஒரே பெயரில் இருக்கும் தோட்டங்களில் வண்டி மாறிப் போய்விடும். ஒரு ஆளை டோர்ச்சோடு சந்திக்கு அனுப்புங்கள். இந்த விபரத்தை இப்போதே ஒரு தாளில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள், வீட்டுக்காரர் பதறிப்போய் நின்றால் பக்கத்து வீட்டுக்காரர் வாசிக்கலாம்.

10. பேசுவது, குளிப்பது, வெளியே போவது

பேச்சு மூடி ஒரு பக்கம் மட்டும் திறக்கும். காற்றை டியூப் வழியாக உள்ளே விடும், வெளியே வருவதைத் தடுத்துக் குரல்நாண் பக்கம் அனுப்பும். பலூன் ஊதியிருக்கும்போது இதை மாட்டினால் உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லை, நிமிஷங்களில் உயிர் போகும். பலூனை முழுதாக இறக்காமல் மூடியைத் தொடவே கூடாது. தூங்கும்போது கழற்றிவிடுங்கள். குரல்வளை எடுத்தவருக்கு இந்த மூடி எந்தக் காலத்திலும் இல்லை.

பீலியில் குளிக்க வேண்டாம், தலைக்கு மேல் விழும் எந்தத் தண்ணீரும் வேண்டாம். உட்கார வைத்து நெஞ்சுக்குக் கீழே ஊற்றுங்கள், தலையைப் பின்னால் சாய்த்துத் தனியாகக் கழுவுங்கள். வெளியே போகும்போது மழைத் தூறலுக்கும் பனிக்கும் மெல்லிய சால்வையைத் தளர்வாகச் சுற்றலாம். கம்பளி மஃப்ளர் வேண்டாம், மயிர் உதிரும். வாசனை நன்றாகத் தெரியாது என்பதால் அடுப்பில் கருகுவதும் கேஸ் கசிவதும் அவருக்குத் தெரியாமல் போகலாம்.

சளி பச்சையாகி நாறினால், காய்ச்சல் அடித்தால், துளையைச் சுற்றிச் சிவந்து சூடாக இருந்தால், சாப்பிட்டது டியூப் வழியாக வந்தால், கிளினிக் நாள் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

11. கிளினிக்குக்கு வரும்போது

பி.வி.சி. டியூப்பை, உள் குழாய் உள்ளதாக இருந்தால், பெரும்பாலும் மாதத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டி வரும், அந்தத் திகதியைத் தவறவிடாதீர்கள். பழகிய பழைய டியூப் நன்றாகத்தான் இருக்கிறது என்று நீங்கள் நினைத்தாலும் பிளாஸ்டிக் விறைத்து, உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் படை பிடித்திருக்கும்.

விடியற்காலைப் பஸ்ஸில் வருகிறவர்கள் கிளம்பும் முன் சளி எடுத்து, உள் குழாயைக் கழுவிப் போட்டுக்கொண்டு வாருங்கள். அவசரப் பெட்டி மடியில் இருக்கட்டும், மேலே சாமான் தட்டில் வேண்டாம். வளைவுகளில் வாந்தி வருகிறவர் என்றால் வெறும் வயிற்றில் கூட்டி வந்து இங்கே சாப்பிட வையுங்கள், வாந்தி துளை வழியாகப் போகும் ஆபத்து குறையும். ஜன்னல் ஓரம் வேண்டாம், எதிர்க் காற்றும் டீசல் புகையும் நேரே கழுத்தில் அடிக்கும், உள் பக்க சீட்டில் உட்கார வைத்து நீங்கள் ஜன்னல் பக்கம் உட்காருங்கள். கொப்பியில் அந்த மாதம் எத்தனை தரம் அடைத்தது, சளி என்ன நிறம், எந்த நேரத்தில் அதிகம் என்று எழுதிக் கொண்டுவந்தால், அடுத்த டியூப்பின் அளவையும் வகையையும் முடிவு செய்ய எங்களுக்கு அது உதவும்.